கற்பக மரங்கள் மறைந்த பின்



அட்சய திருதியை நாளன்று நகரங்களின் நகைக்கடை வாயில்களில் விடியற்காலையிலேயே மக்கள் கூட்டம் நிற்பதைக் காண்கிறோம். அன்று ஒரு குன்றிமணிப் பொன்னேனும் வாங்கினால் ஆண்டு முழுவதும் செல்வம் பெருகும் என்னும் நம்பிக்கை நாடெங்கும் பரவியுள்ளது. நம்மவருள்ளும் சிலர் அவ்வரிசையில் நிற்கின்றனர். பொன் வாங்குவது குற்றம் என்று கூறுவதற்காக இதனை எடுத்துக்கொள்ளவில்லை. ஆயினும், அந்நாள் சமணர்களாகிய நமக்கு எதனால் திருநாளாயிற்று என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒருவர் தம் கையால் அறிந்து கொடுத்த நாளை நாம் கொண்டாடுகிறோம். இன்பம் எங்கிருந்தோ நம்மை நாடி வரும் என்று காத்திருப்பதற்கும், அதனை நம் செயலால் ஈட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டினை இத்திருநாளின் வரலாறு நமக்கு நன்கு உணர்த்துகின்றது. அதனைச் சற்று ஆழ்ந்து சிந்திப்போம்.

போகபூமியும் கருமபூமியும்

ஸ்ரீபுராணம் கூறும் இவ்வரலாற்றை நம்முள் பலர் பாட்டியர் வாயிலாகச் சிறு வயதிலேயே கேட்டிருப்போம். அவசர்ப்பிணியின் முதல் மூன்று காலங்களில் இப்பரத கண்டம் போகபூமியாக விளங்கிற்று. பத்து வகைக் கற்பக மரங்கள் உணவும் உடையும் அணியும் விளக்கும் இல்லமும் வேண்டியாங்கு வழங்கின. உழவு இல்லை, வாணிகம் இல்லை, பசியும் பகையும் இல்லை. மூன்றாம் காலம் முடிவுறும் தறுவாயில் அம்மரங்கள் ஆற்றல் குன்றி மறைந்தன. மக்கள் கலங்கினர். பசி இன்னதென்று அறியாதவர்கள் பசியால் வாடினர். பதினான்காம் குலகரராகிய நாபிராயரிடம் சென்று முறையிட்டனர். அவர் தம் திருமைந்தராகிய விருஷப தேவரிடம் அவர்களை அனுப்பினார்.

பகவான் என் செய்தார்? அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிஜ்யம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களை அவர்களுக்குக் கற்பித்தார். வாளேந்திக் காத்தலும், மை தொட்டு எழுதுதலும், நிலத்தை உழுதலும், கலைகளைப் பயிலுதலும், பொருளை மாற்றி விற்றலும், கைவினை புரிதலும் அன்று தோன்றின. தம் புதல்வியருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் பயிற்றுவித்தார்.

இங்கே ஒன்றை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். மதி, சுருதம், அவதி என்னும் மூன்று ஞானங்களுடனே பிறந்தவர் பகவான். இந்திரனும் அவர் ஏவலுக்குக் காத்திருந்தான். எனினும், வாழ வழியறியாது வந்து நின்ற மக்களுக்காக மறைந்த மரங்களுள் ஒன்றையேனும் அவர் மீட்டுத் தரவில்லை. அவர்கள் கையில் ஏரைக் கொடுத்தார்; எழுத்தைக் கொடுத்தார். “போனது போயிற்று, இனி உங்கள் வாழ்வு உங்கள் கையில்” என்பதே அச்செயலின் பொருள்.

மரங்கள் மறைந்தது மனித குலத்திற்கு நேர்ந்த இழப்பு என்றே நமக்குத் தோன்றும். ஆகமம் அவ்வாறு கூறவில்லை. போகபூமியில் பிறந்தோர் முன்செய்த தானத்தின் பயனைத் துய்ப்பவர்கள். அவர்களுக்கு விரதம் இல்லை, தவம் இல்லை, ஆதலின் அங்கிருந்து வீடு பேறும் இல்லை. விண்ணுலகத் தேவர்க்கும் இதுவே நிலை. நற்காட்சி அவர்க்கு வாய்க்கலாம். ஆனால் ஒரு சிறு விரதத்தையேனும் மேற்கொள்ளும் பேறு அவர்க்கு இல்லை. பரதங்கள் ஐந்து, ஐராவதங்கள் ஐந்து, விதேகங்கள் ஐந்து எனப் பதினைந்து கருமபூமிகளிலிருந்தே உயிர்கள் வீடு பெறுகின்றன. கேட்டது கிடைக்கும் நிலத்தில் கிட்டாத பெரும்பேறு, வியர்வை சிந்தும் நிலத்திலேதான் கிட்டுகின்றது. வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்து வாழ்ந்த நம் முன்னோர்க்கு இதனை விளக்கிக் கூற வேண்டியதில்லை. விதையாதவன் அறுப்பதில்லை என்பதை அவர்கள் நிலத்திலேயே கற்றவர்கள்.

வினை என்பது விதியா?

“எல்லாம் கர்ம வினை, நம் கையில் என்ன இருக்கிறது?” என்று நாம் பெருமூச்செறிவது வழக்கம். அறம் கேட்டு வளர்ந்த நம் இல்லங்களிலேயே இச்சொல் மிகுதியாக வழங்குவது வருந்தத்தக்கது. வினைக் கோட்பாட்டைச் சோம்பலுக்குத் துணையாக்குவது அக்கோட்பாட்டையே தலைகீழாகப் புரிந்துகொள்வதாகும். வினை வேறு ஒருவர் நம்மேல் விதித்த தண்டனையன்று. அது நாமே செய்து, நாமே ஈட்டியது. செய்தவர் நாமாயின், மாற்றத் தக்கவரும் நாமே அல்லவா?

மனம், மொழி, மெய் என்னும் மூன்றின் இயக்கத்தால் வினைத்துகள்கள் உயிரை வந்தடைகின்றன. இது ஊற்று. வெகுளி, செருக்கு, மாயம், பற்று என்னும் கஷாயங்களின் அளவிற்கேற்ப அவை ஒட்டி நிற்கின்றன. இது கட்டு. எத்தகைய வினை, எத்துணை அளவு என்பதை இயக்கம் முடிவு செய்கிறது. எத்துணைக் காலம், எத்துணை வன்மை என்பதைக் கஷாயம் முடிவு செய்கிறது. புழுதிக் காற்று எல்லார் மேலும் வீசுகிறது. எண்ணெய் பூசிய உடலில் அது படிகிறது. உலர்ந்த உடலிலிருந்து உதிர்ந்து விடுகிறது. எண்ணெய் பூசுவதும் பூசாதிருப்பதும் நம் செயலன்றோ?

மேலும், கட்டிய வினை கல்லில் பொறித்த எழுத்தைப் போல் என்றும் மாறாதிருப்பது அன்று. அதன் கால அளவும் வன்மையும் மிகுவதை உத்கர்ஷணம் என்றும், குறைவதை அபகர்ஷணம் என்றும், ஒரு வினையின் உட்பிரிவு மற்றோர் உட்பிரிவாக மாறுவதைச் சங்கிரமணம் என்றும், காலம் வருமுன்னரே பயன் தந்து கழிவதை உதீரணை என்றும் நம் ஆசாரியர்கள் வகுத்துள்ளனர். நிகாசிதம் எனப்படும் இறுகிய வினை தன் பயனைத் தந்தே தீரும் என்பதும் உண்மையே. ஆயினும் நம் வினைகளுள் எது இறுகியது, எது இளகியது என்பதை நாம் அறியோம். அறியாத நிலையில் எல்லாவற்றையும் இறுகியதாகவே எண்ணிக் கைகட்டி அமர்வது அறிவுடைமையாகுமா? வானம் பார்த்த பூமியை உடையவனும் ஆடியில் உழுது வைக்கின்றான். மழை அவன் கையில் இல்லை. உழவு அவன் கையில் இருக்கின்றது. திருவள்ளுவப் பெருந்தகை 38ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையைக் கூறியவர், அத்துடன் நிறுத்திவிடவில்லை. ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என 60 முதல் 62 வரை மூன்று அதிகாரங்களை முயற்சிக்காக வகுத்தார்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. துன்பத்தை நுகரச் செய்யும் அசாதா வேதனீயம் எதனால் கட்டுகிறது என்பதைத் தத்துவார்த்த சூத்திரம் ஆறாம் அத்தியாயத்தில் விளக்குகின்றது. துன்புறுத்தல், சோகம், மனவெதும்பல், அழுகை, வதை, புலம்பல் ஆகியவற்றைப் பிறரிடத்து விளைத்தாலும் கட்டும். தன்னிடத்தே விளைத்துக் கொண்டாலும் கட்டும். எனவே, நேர்ந்த துன்பத்தை நாள்தோறும் எண்ணி எண்ணி வெதும்புகின்றவன் பழைய கடனைத் தீர்க்கவில்லை; அதன்மேல் புதுக்கடன் வாங்குகிறான். உயிர்களிடத்து இரக்கம், தானம், பொறுமை, தூய்மை ஆகியவை இன்ப நுகர்ச்சிக்குரிய சாதா வேதனீயத்திற்குக் காரணங்களாகக் கூறப்பட்டுள்ளன. இவை யாவும் செயல்கள் என்பதைக் கருதுக. இவற்றுள் ஒன்றேனும் காத்திருந்து பெறுவது இல்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. வினைக் கோட்பாடு ஒருவர் தம்மைத் திருத்திக் கொள்வதற்காக உள்ளது. பிறர் துன்பத்தைக் கண்டு, “அவர் செய்த வினை, அவர் அனுபவிக்கிறார்” என்று விலகிப் போவதற்காக அன்று. அனுகம்பை எனப்படும் இரக்கம் நற்காட்சியின் அடையாளங்களுள் ஒன்று. தன் துன்பத்திற்குத் தானே பொறுப்பேற்க வேண்டும். பிறர் துன்பத்தைக் கண்டால் உதவ வேண்டும். இதனை மாற்றிப் பிடிப்பவரிடம் நற்காட்சி நிலைபெறாது.

ஓர் அனுபவம்

மேடையில் இருப்பவன் தவறே செய்யாதவன் என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. ஆகவே என் வாழ்வில் நேர்ந்த ஒன்றைக் கூறுகிறேன். எங்கள் தந்தையார் எனக்கும் என் தம்பிக்கும் நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார். கிணறு பொதுவாக நின்றது. மணிலாப் பயிர் வாடிய ஒரு கோடையில், என் முறைக்குரிய நாளில் தம்பி மோட்டாரை ஓட்டிவிட்டான். ஊரார் முன்னிலையில் நான் அவனைச் சொல்லக் கூடாத சொற்களால் வைதேன். அன்று முதல் பேச்சு நின்றது. ஒரே தெருவில் எதிரெதிர் வீடுகள். நான்கு ஆண்டுகள் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கவில்லை.

நெஞ்சில் நிம்மதி இல்லை. விளைச்சலிலும் மனம் செல்லவில்லை. என் மனவாட்டத்திற்குக் காரணம் தம்பி என்றேன். பிறகு கிரகம் என்றேன். சோதிடரிடம் சென்றேன். ஏழரைச் சனி என்றும், அது கழியும் வரை பொறுக்க வேண்டும் என்றும் அவர் கூறினார். அச்சொல் எனக்கு இனித்தது. ஏனெனில், நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்று ஆயிற்று அல்லவா?

எங்கள் அன்னையார் ஒரு மாதம் என் இல்லத்திலும் ஒரு மாதம் தம்பி இல்லத்திலும் உணவு கொண்டார். மாதப் பிறப்பன்று தம் இரண்டு புடவைகளையும் ஜபமாலையையும் ஒரு துணிப்பையில் இட்டுக்கொண்டு, பொழுது சாயும் முன் தெருவைக் கடந்து செல்வார். ஒருநாள் என்னிடம், “நீ ஒருமுறை போய் வாப்பா. நீதானே பெரியவன்” என்றார். “அவன் வரட்டும் அம்மா” என்றேன். அதன்பின் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் ஆண்டில் அவர் காலமானார். ஈமக் கடன்களின் போதும் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கமாக நின்றோம்.

அதற்கு அடுத்த ஆண்டு தசலட்சண பருவத்தின் முதல் நாள். உத்தம க்ஷமைக்குரிய நாள். ஜினாலயத்தில் சாமாயிகத்தில் அமர்ந்து, ஓரறிவுயிர் முதல் ஐயறிவுயிர் ஈறாக எல்லா உயிர்களையும் நான் பொறுத்தேன், எல்லா உயிர்களும் என்னைப் பொறுத்தருள்க என்று வழக்கம்போல் சொல்லிக் கொண்டிருந்தேன். நீரில் வாழும் உயிரும், புல்லில் வாழும் உயிரும் அதனுள் அடங்கின. எதிர்வீட்டில் வாழும் ஓர் உயிர் மட்டும் அடங்கவில்லை. எத்தனை ஆண்டுகளாக இப்பொய்யை அருகன் திருமுன் சொல்லி வந்தேன் என்று எண்ணியபோது உடல் கூசிற்று.

சாமாயிகம் முடித்து நேரே தம்பி வீட்டுக்குச் சென்றேன். “அன்று ஊரார் முன் நான் சொன்ன சொற்கள் தவறு. பொறுத்துக் கொள்” என்றேன். அவன் நெடுநேரம் ஒன்றும் கூறவில்லை. பிறகு, “உட்காருங்கள் அண்ணா” என்றான். அவ்வளவே. அன்றே எல்லாம் சீராகிவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகும். பழைய பேச்சு திரும்பப் பல மாதங்கள் ஆயின. பின்னர் இருவரும் அமர்ந்து, தண்ணீர் முறையை ஒரு தாளில் எழுதி, மோட்டார் கொட்டகையில் ஒட்டி வைத்தோம். நான்கு ஆண்டுப் பகைக்கு மருந்தாக அமைந்தது அந்த ஒரு தாள். அதனை எங்கள் அன்னையார்க்குக் காட்ட இயலாமற் போயிற்று. சோதிடர் குறித்த காலம் முடிய அப்போது இன்னும் மூன்றாண்டுகள் இருந்தன.

தம்பியின் மனம் மாறுவது என் கையில் இல்லை. ஆனால் அவன் ‘உட்காருங்கள்’ என்று சொல்லும் முன்னரே, படியேறும்போதே என் நெஞ்சின் பாரம் இறங்கிவிட்டது. மகிழ்ச்சியை நான் தம்பியின் வீட்டு வாசலில் தேடிக் கொண்டிருந்தேன். அது என் கால்கள் நடந்த அந்த முப்பது அடியில் இருந்தது. அன்னையார் கேட்டபோதே அந்த முப்பது அடியை நான் நடந்திருக்கலாம். காலம் கடத்துவதும் ஒரு செயலே. அதற்கும் விளைவு உண்டு என்பதை அறிய நான் கொடுத்த விலை பெரிது. உங்களுள் எவரேனும் அத்தகைய விலையைக் கொடுக்கும் நிலையில் இருந்தால், இன்றே எழுந்து நடங்கள் என்று வேண்டவே இதனைச் சொன்னேன்.

கொடுக்கத் தெரிந்தவர்

இனி, அட்சய திருதியைக்கு வருவோம். விருஷப தேவர் துறவு பூண்டு ஆறு மாதம் உபவாசம் இருந்தார். பின் ஆகாரத்தின் பொருட்டு எழுந்தருளினார். மக்களுக்கு அவர்மேல் அன்பு குறைவில்லை. யானையும் குதிரையும் மணியும் ஆடையும் கொண்டுவந்து நீட்டினர். முனிவர்க்கு ஆகாரம் அளிக்கும் முறையை அறிந்தவர் ஒருவரும் இல்லை. மாதங்கள் பல கழிந்தன. அத்தினபுரத்தில் மன்னன் சோமப்பிரபனின் தம்பி சிரேயாம்சன் அவரைக் கண்ட அளவில், முற்பிறவியில் முனிவர்க்கு ஆகாரம் அளித்த நினைவு எழப்பெற்றான். முறைப்படி எதிர்கொண்டு கரும்புச் சாற்றைப் பகவானின் திருக்கரங்களில் வார்த்தான். இக்காலச் சக்கரத்தின் முதல் ஆகார தானம் அதுவே.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. செயல் வேண்டும், அச்செயலுக்கு அறிவும் வேண்டும். நல்லெண்ணத்தோடு தவறானதைக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். தேவையானதை அறிந்து கொடுத்தவன் ஒருவன். மகனுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு நேரத்தைக் கொடுக்க மறப்பவர்களும், ஜினாலயத்திற்குக் கல்வெட்டில் பெயர் பொறிக்க நன்கொடை அளித்துவிட்டு ஆண்டுக்கொருமுறையும் வந்து விளக்கேற்றாதவர்களும் யானையையும் குதிரையையும் நீட்டிய அம்மக்களை ஒத்தவர்களே. நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளும் ஒன்றுகூட வேண்டும் என்று அறவோர் கூறியது இதனாலேதான்.

செஞ்சிக்கு அருகில் உள்ள திருநாதர்குன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்களும் பாறையில் வரிசையாக வடிக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு நோற்று அங்கே உயிர் நீத்ததை அக்குன்றின் பழங்கல்வெட்டு தெரிவிக்கின்றது. அந்த இருபத்து நால்வரும் வீதராகர்கள். வேண்டியவர்க்கு ஒன்றைத் தருவதும் இல்லை; வேண்டாதவரை வெகுள்வதும் இல்லை. தாங்கள் நடந்த வழியைக் காட்டி நிற்கின்றனர். சந்திரநந்தி ஆசிரியரும் அவர்களிடம் எதையும் கேட்டுப் பெறவில்லை. அவ்வழியில் தாமே நடந்தார். நாம் வழிபடுவதும் அவர்தம் குணங்களை நம்மிடத்தே வளர்த்துக் கொள்வதற்காகவே.

நாம் செய்யக் கூடியவை

இவை யாவும் முனிவர்க்கே உரியன என்று எண்ண வேண்டா. இல்லறத்தாராகிய நாம் இன்றே தொடங்கக் கூடியவை சில உள்ளன.

நாள்தோறும் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், சாமாயிகத்திற்கு ஒதுக்குக. அது இயலாதவர் பத்து நிமிடத்தில் தொடங்குக. இரவு உறங்கு முன் “இன்று எனக்கு யார் என்ன செய்தார்” என்று எண்ணுவதை விடுத்து, “இன்று நான் யாருக்கு என்ன செய்தேன்” என்று எண்ணுக. பிரதிக்கிரமணத்தின் பயன் இந்த ஒரு வினாவில் தொடங்குகிறது.

சிறிய நியமம் ஒன்றை, காலவரை குறித்து, மேற்கொள்க. ஒரு மாதம் இரவு உண்ணாமை ஆகட்டும். ஒரு வாரம் கடுஞ்சொல் கூறாமை ஆகட்டும். தேவர்க்கும் கிட்டாத பேறு அது என்பதை மறவாதிருங்கள். தவறினால் மனம் தளராது மீண்டும் தொடங்குக.

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நான்கு தானங்களுள் ஒன்றையேனும் இந்த மூன்று மாதங்களுக்குள் நேரில் சென்று, நும் கையாலேயே செய்க.

சென்னையிலும் பெங்களூரிலும் பணிபுரியும் இளைஞர்கள், தம் ஊர் ஜினாலயத்தில் நித்திய பூசைக்கு ஆளில்லை என்று வருந்துவதைக் கேட்கிறோம். ஊரைக் குறை கூறுவதற்கு முன், மாதத்தில் ஒரு நாளை நான் ஏற்கிறேன் என்று ஒரு குடும்பம் முன்வரட்டும். முப்பது குடும்பங்கள் முன்வந்தால் ஒரு மாதத்தின் எல்லா நாளும் விளக்கெரியும். முதற்குடும்பம் எது என்பதே வினா.

பகையுற்ற உறவினர் எவரேனும் இருப்பின், அவர் வரும்வரை காத்திராதீர்கள்.

பெருமக்களே! கற்பக மரங்கள் மறைந்த காலத்தில் பிறந்தோம் என்று நாம் வருந்த வேண்டுவதில்லை. உழத் தெரிந்த கைகளும், பொறுக்கத் தெரிந்த நெஞ்சும், விரதம் ஏற்கத் தக்க மனிதப் பிறவியும் நமக்கு வாய்த்துள்ளன. அடுத்த அட்சய திருதியைக்குள் நாம் செய்து முடிக்க வேண்டிய நற்செயல் ஒன்று நம் ஒவ்வொருவர் நெஞ்சிலும் இப்போது தோன்றியிருக்கும். அதனை நாளைக்கென்று தள்ளாது இன்றே தொடங்குவோமாக.

அறம் வளர்க! அகிம்சை ஓங்குக!